கருகிய குழாய் ஸ்பீக்கர்கள்

அறுபதுகளில் தேவிபட்டினத்தில் நான் மைக் செட் கடை வைத்திருந்தேன். என்னோடு கூட்டாகத் தொழில் செய்தவன், இரண்டு பழைய குழாய் ஸ்பீக்கர்களையும் எடுத்துக்கொண்டு பிரிந்தான். என் மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி, எனக்கு வந்த கல்யாண வேலைகளையும் பிடுங்கிக்கொண்டான்.

ஒருநாள் புது ஆம்ப்ளிஃபயரோடு கடைக்கு வந்தான்.

"அண்ணே, இதை அந்தப் பழைய ஸ்பீக்கர் தாங்குமா? உங்களுக்குத்தான் தெரியும்."

பின்பக்கம் போட்டிருந்த வாட்ஸைப் பார்த்தேன். அதில் பாதியைக்கூட ஸ்பீக்கர் தாங்காது.

"தாராளமாப் போடு. சத்தத்தை நல்லாக் கூட்டி வை" என்றேன்.

மறுநாள் பெரியபட்டினத்துக் கல்யாணத்தில், மாப்பிள்ளை ஊர்வலம் பந்தலை நெருங்கும்போது இரண்டு ஸ்பீக்கரும் உள்ளிருந்த கம்பிச்சுருள் கருகி ஊமையாகிவிட்டன. பெண் வீட்டார் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அதைப் பார்க்கவே நான் போயிருந்தேன்.

"தெரிஞ்சேதானண்ணே சொன்னீங்க?" என்றான்.

"ஆமா" என்றேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.