ஏனையோர் அல்ல, நூற்றைம்பது பேர்

வீடு வீடாகப் போய் ரத்தம் கேட்கிற வேலையைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும், வாசலில் நின்று இருமிவிட்டு எதிலிருந்து பேச்சைத் தொடங்குவது என்று விழிக்கிற சங்கடம். அதிலும் என்னைப் போலக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சாவது விடுவார்கள்.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மாரடைப்பு வம்சத்தில் எப்படி இறங்குகிறது என்று ரத்தத்தில் பார்க்கிற ஆய்வுக்கு ஆள் சேர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். உலகத்தில் இதுவரை நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளில் எங்கள் ஆட்களின் ரத்தம் இல்லவே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நூற்றைம்பது பேர் சேர்ந்தால் ஆய்வு அட்டவணையில் மலையக மக்களுக்குத் தனிக் கட்டம். ஒரு ஆள் குறைந்தாலும் ‘ஏனையோர்’ என்ற கட்டத்தில் கரைத்துவிடுவார்கள். ஆய்வை நடத்துகிற டொக்டரம்மா இதைச் சொன்னதும் எனக்குக் கை பரபரத்தது. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஆறு பேரின் பெயரை செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டில் வெட்டியது இந்தக் கைதான்.

வெறும் வயிறு

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும் என்று தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாக மூன்று தடவை சொல்லியிருந்தேன். காலை ஆறரைக்கு, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். டொக்டரம்மா சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். பத்தொன்பது பேர் சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்திருந்தார்கள். மற்ற மூவரில் இருவர் தூங்கிவிட்டு ஓடி வந்தவர்கள். ஒருவர் வீட்டில் சமையல் கேஸ் முடிந்துவிட்டது.

கொழுப்பு, சீனி பார்க்க அந்த ரத்தம் உதவாது என்பதால் பத்தொன்பது பேரையும் நாளைக்கு வரச் சொன்னேன். கொழுந்து பறிக்கிற முனியம்மாவுக்கு வந்ததே கோபம்: “சாப்பிடக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? தேத்தண்ணி என்னைக்குங்கய்யா சாப்பாடாச்சு?”

முழுப்பேர்

மறுநாள் அந்தப் பத்தொன்பதில் பதினேழு பேர் திரும்பி வந்தார்கள். கொழுந்து குறைந்தால் அந்த நாளை அரைநாளாகப் பதிவதை எங்கள் தோட்டத்தில் அரைப்பேர் என்போம். ராமாயி, தன் ரத்தம் நிரம்பிய சுண்டுவிரல் அளவுக் குழாயையும் என் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு காலத்தில் அவளுக்கு நான் அரைப்பேர் போட்டதுண்டு. அதை அவள் மறக்கவில்லை.

“எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான்மா,” என்றேன் தலையைத் தூக்காமல்.

“பார்த்து எழுதுங்க கணக்கப்பிள்ளையய்யா, இவ்வளவுதான் ரத்தம்னு இதுக்கும் அரைப்பேர் போட்டுறாதீங்க!”

தண்ணிப் பைப்படியில்

சனிக்கிழமை அந்தியில் நூற்று நாற்பத்துநான்கு. நான் வெட்டிய ஆறு பெயரில் நான்காவது பெயர், செல்வமணியின் புருஷனுடையது. வயது நாற்பத்தொன்று. இப்படிப்பட்ட குடும்பம்தான் முக்கியம் என்றிருந்தார் டொக்டரம்மா. மகள் கவிதா, மகன், செல்வமணி என்று மூன்று பேர் அந்த வீட்டில். இரண்டு தடவை அவர்கள் வாசல்வரை போய், சொல்ல வாய் வராமல் திரும்பியிருந்தேன். மூன்றாம் தடவை தண்ணிப் பைப்படியில் செல்வமணியே என்னைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும்தான் முடிவைச் சொல்வார்கள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். “மகளுக்குத் தை மாசம் கல்யாணம் பேசியிருக்குங்க. லயத்துல எந்தச் சேதி தங்கியிருக்கு? ரத்தத்துல ஏதோ இருக்குன்னு வெளிய வந்தா, நீங்களா வந்து தாலி கட்டுவீங்க?”

நானுஓயா பஸ்ஸில் வந்தவர்

ஞாயிறு பதினொரு மணிக்கு நூற்று நாற்பத்தேழு. பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். பெட்டியை அடுக்கத் தொடங்கிய நேரத்தில் நானுஓயா பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு அம்மா செல்வமணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மடுவத்துக்குள் வந்தார். பின்னால் கவிதா, அவள் தம்பி, வெட்கத்தில் நெளிகிற ஒரு இளைஞன். அந்த அம்மா பார்வதி, மாப்பிள்ளையின் தாய். இறந்துபோனவருக்குக் கூடப்பிறந்த அக்காவும் அவர்தான். கவிதா முதல்நாளே அத்தைக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

“மதினி, கல்யாணம்...” என்று செல்வமணி இழுத்தாள்.

பார்வதி ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். “செத்தது என் தம்பி, செல்வம். அந்தச் சீக்கு நீ கொண்டு வந்த சீரா? எங்க வீட்டுல இருந்து வந்தது. முதல்ல என் கையில குத்துங்க டொக்டரம்மா, அடுத்து என் மகன்!”

ஐந்து பேருக்கும் எடுத்து முடித்தபோது பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது. ஆள் ஒன்று கூடினாலும் பதில் சொல்ல வேண்டியது கணக்கப்பிள்ளைதான் என்று முப்பத்தொரு வருடம் நடுங்கியவன், இரண்டு பேர் கூடிப்போன இந்தக் கணக்கை மட்டும் யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறேன்.