பெட்டிக்குள் வந்த ரிசல்ட்

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆப்பை நான் திட்டாத நாள் கிடையாது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்து ஒரே ஆப். மழை வந்தால் ஒரு டிங். ஹாஸ்டல் மோட்டார் ரிப்பேரானால் ஒரு டிங். நான் சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். பஸ் சந்திரகிரியைத் தாண்டுவதற்குள், 'உங்கள் வருகை இன்னும் பதிவாகவில்லை' என்று கைப்பைக்குள்ளிருந்து கூப்பிடும். நான் எங்கே இருக்கிறேன் என்று என் மாமியார்கூட இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

அதே ஆப்பைப் பார்த்து ஒரு நாள் வாயடைத்துப்போய் நின்றேன்.

ஃபெயிலானவர்கள் மறுபடி எழுதும் சப்ளிமெண்டரி பரீட்சை அன்று. பாடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. அந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான் என்பதால் ஹாலுக்குள் எனக்கு வேலை கிடையாது. வாசலில் போன்களை வாங்கிவைக்கிற அட்டெண்டர் லீவு போட்டிருந்தார், அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாம்பழம் ஏற்றுகிற மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று மேஜைமேல் இருந்தது. ஒவ்வொரு போனிலும் ஹால் டிக்கெட் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டை ரப்பர் பேண்டில் செருகி அதற்குள் வைக்க வேண்டும். சுவிட்ச் ஆஃப் செய்துதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கடைசியாக ஓடிவந்தவள் எனக்குப் பழக்கமானவள். பாலசமுத்திரத்துப் பெண். சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னோடு அதே பஸ்ஸில் வருகிறவள். எல்லாப் பாடத்திலும் பாஸாகி, இந்த ஒன்றில் மட்டும் ஃபெயில். எனக்கு அது நம்பவே முடியாத விஷயம். என் வகுப்பில் நான் பாதி சொல்லும்போதே மீதியை எழுதிவிடுகிறவள் அவள். விடைத்தாளை வேறொருவர் மறுபடி திருத்தட்டும் என்று ரீவால்யுவேஷனுக்குப் போட்டிருந்தாள். அந்த முடிவு வருவதற்குள் சப்ளிமெண்டரியே வந்துவிட்டது. இது எங்களிடம் வழக்கம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் இன்னொரு முறை படித்து எழுதுவார்கள்.

அவளுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. இந்தத் தடவையும் தவறினால் அது போய்விடும். ஆனால் பஸ்ஸில் அவள் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. "நைனா ஒரு வார்த்த திட்டல மேடம். ஊர்ல யாரு கேட்டாலும், அது படிச்சிக்கினு கீதுன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திக்கினு போறாரு. அதான் தாங்க முடியல" என்பாள், அப்பாவைப் பற்றி.

பாதிப் பரீட்சை முடிந்திருக்கும். பெட்டிக்குள் ஒரு போன் உறுமியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எது எங்கே என்று தெரியாமல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. பெட்டியே மேஜைமேல் மெல்ல நகர்ந்தது. விழுந்துவிடப் போகிறதே என்று இரண்டு கையாலும் பிடித்தேன். அந்த அதிர்வு என் தோள்வரை ஏறியது. என் போனும் மின்னியது: 'ரீவால்யுவேஷன் முடிவுகள் வெளியாகியுள்ளன.'

பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். ஒவ்வொரு திரையிலும் அந்தந்தப் பிள்ளையின் முடிவு தெரிந்தது. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது அவளுடைய போன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பாஸ்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பாஸான பரீட்சையை உயிரைக் கொடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். எங்கோ முகம் தெரியாத ஒருவர் அவளுடைய பழைய தாளை நிதானமாகப் படித்திருக்கிறார். அந்தச் செய்தி காற்றில் வந்து, அவளுக்குப் பத்தடி தூரத்தில், ஒரு மாம்பழப் பெட்டிக்குள் காத்திருக்கிறது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கோயிலில் திரை விலகும்போது நிற்பதைப்போல நான் நின்றேன், வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பரீட்சைக்குப் பொறுப்பான சீஃப் சூப்பரிண்டெண்டெண்டிடம் ஓடினேன். "ராயனீயண்டி மேடம்" என்றார், எழுதட்டும் விடுங்கள் என்று. ஆப் தப்பாகக் காட்டியிருந்து, அதை நம்பி அவள் பேனாவை மூடிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அதுவும் சரிதான். பரீட்சைப் பிரிவுக்குப் போன் போட்டு, அவர்கள் ஃபைலைப் பார்த்து "ஆமாம், பாஸ்தான்" என்று சொல்வதற்குள் மணி அடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவள் இன்னும் ஒரு தாள் கேட்டுக் கையைத் தூக்கினாள். 'போதும் வாம்மா' என்று கத்தலாம்போல் இருந்தது.

மணி அடித்ததும் விரலெல்லாம் மையோடு வந்தாள். "நல்லா எழுதிக்கிறேன் மேடம். இந்தத் தபா போவாது."

போனை எடுத்து அவள் கையில் வைத்தேன். படித்தாள். குதிப்பாள் என்று நினைத்தேன், குதிக்கவில்லை.

"இது இன்னிக்கி எழுதனதுக்கு இல்லியே மேடம்?"

"இல்லம்மா, போன தடவ எழுதினியே, அதுக்கு. கேட்டு உறுதி பண்ணிட்டேன்."

"அப்போ அன்னிக்கே..." என்றவள் முடிக்கவில்லை. முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. அழுதுகொண்டே அப்பாவின் நம்பரை அழுத்தினாள். எத்தனை மதிப்பெண், வேலை என்ன ஆகும், எதையும் அவள் சொல்லவில்லை. பாஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

"நைனா, நா ஃபெயிலே ஆவல நைனா. அன்னிக்கே சரியாத்தான் எழுதிக்கிறேன். ஊர்ல சொல்லு. நா ஃபெயிலே ஆவலன்னு சொல்லு."