மொட்டைத் தலைக்கு ஓர் அட்டைத் தொப்பி

மகளுக்குத் திருமலையில் மொட்டை போட்டது ஒரு சனிக்கிழமை. அப்போது அவளுக்கு ஆறு வயது. மலையில் இருந்தவரை குஷியாகத்தான் இருந்தாள். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் மொட்டை. திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்ததும்தான் அழுகை.

“நைனா, நான் ஸ்கூலுக்குப் போமாட்டேன். எல்லாரும் குண்டு குண்டுன்னு கூப்புடுவாங்க.”

தெலுங்கில் மொட்டைக்குக் குண்டு என்றுதான் பேர். இவளோ, நகரியிலிருந்து வரும் சொந்தக்காரர்களெல்லாம் “புள்ள ஒண்ணுமே துன்றதில்லையா?” என்று விசாரிக்கும் அளவுக்கு ஒல்லி. எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, பரண்மேல் கிடந்த மிக்சி அட்டைப்பெட்டியை இறக்கி, “வா, தொப்பி செய்யலாம்” என்றேன். மைதா பசை காய்ச்சுவதற்குள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரச் சிறுமியும் வந்து உட்கார்ந்துவிட்டாள். பழைய காலண்டர் தாள்களைக் கூம்பாகச் சுருட்டினோம். அட்டையை வளையமாக வெட்டி அடியில் விளிம்பு ஒட்டினோம்.

முதல் தொப்பியை அந்தச் சிறுமிதான் போட்டுப் பார்த்தாள். உச்சியில் இரண்டு குடுமி. தொப்பி நிற்கவே இல்லை. அழுத்தினால் கூம்பு கிழிந்தது, பசை முடியில் அப்பியது. அடுத்ததை என் மகள் வாங்கித் தன் தலையில் வைத்தாள். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. தலையை ஆட்டினாள், குதித்தாள், அசையவில்லை.

“பாத்தியா நைனா, எனக்குத்தான் சரியாக்கீது!”

பக்கத்து வீட்டுச் சிறுமி அழுதபடி தன் வீட்டுக்கு ஓடினாள். “அம்மா, நாக்கூட குண்டு கொட்டிஞ்சம்மா!” தனக்கும் மொட்டை போடச் சொல்லி அவள் அடம்பிடித்தது எங்கள் கூடம் வரை கேட்டது. அவள் அம்மா சீப்பும் கையுமாக வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! குடுமிகளை அவிழ்த்துப் படிய வாரிவிட்டு, பெரிய தொப்பியாக ஒன்று செய்து கொடுத்துத்தான் தப்பித்தேன்.

திங்கட்கிழமை மகள் தொப்பியோடு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் வெறுந்தலையோடு வந்தாள். யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று பதறிப்போனேன்.

“இல்ல நைனா, டீச்சர் கேட்டாங்க, குடுத்துட்டேன். எல்லாரும் மொட்டையத் தடவிப் பாக்க வந்துக்கினே இருந்தாங்களா, லைன்ல வாங்கன்னு சொல்லிட்டேன்.”

“அழுதியாம்மா?”

“எதுக்கு? டிராமாக்குப் பத்து தொப்பி வோணுமாம். எங்க நைனா செய்வாருன்னு சொல்லிக்கீறேன்.”

வீட்டில் வேறு அட்டை இல்லை. அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மளிகைக் கடைக்குக் கிளம்பினேன்.