என் வயிற்றுக்கு ஒரு பொதுக்கூட்டம்

நாற்பத்து மூன்று வயதில், கடைசிப் பிள்ளையும் ஐந்தாம் படிவம் முடித்துப் பள்ளியை விட்ட பிறகு, எனக்கு நாள் தள்ளிப்போனது. மாதவிலக்கின் தொல்லை ஒருவழியாக ஒழிந்தது என்று நான் சந்தோஷமாக இருந்தேன். சுங்கைப் பட்டாணி கிளினிக்கில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டியதும் அந்தச் சந்தோஷம் போயிற்று. கடைசிப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள் நான். இப்போது இரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. இந்த முறை உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். பயமாக இருந்தது. வேண்டாம் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அதைக் கணவரிடம் சொன்னேன். வந்தது வினை. அவர் காருக்கு டயர் மாற்றுவதென்றாலும் அண்ணனிடம் கேட்பார். அந்த அண்ணன் எங்கள் பழைய எஸ்டேட் கோயிலுக்கு நிரந்தரத் தலைவர். எஸ்டேட்டை அழித்துத் தாமான் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். கோயிலையும் தலைவரையும் மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் குடும்பக் கூட்டம் கூடியது. கடவுள் வாழ்த்தும் உண்டு.

தலைவர் என் வயிற்றைச் சபையின் முன் வைத்தார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்றார் ஒரு சித்தப்பா. கடவுள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல இவள் யார் என்று கணவரின் அக்கா தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். பிள்ளையைப் பெற்றுக்கொள்வது என்று சித்தப்பா முன்மொழிய, என் கணவர் வழிமொழிந்தார். வேண்டுமென்று செய்யவில்லை. அண்ணன் தலைமை தாங்கும் கூட்டத்தில் வழிமொழிவது அவருக்குக் கொட்டாவி மாதிரி தானாக வந்துவிடும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது, நான் அடுக்களையில் அவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன்.

வந்த கோபத்தில் தட்டைக் கவிழ்த்திருப்பேன். கம்பளத்தை நான்தானே துவைக்க வேண்டும் என்று மேசையில் வைத்தேன். தாயின் உயிருக்கோ உடம்புக்கோ மனசுக்கோ பெரிய ஆபத்து என்று டாக்டர் கருதினால் கலைக்க இந்த நாட்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது, டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும் என்றேன். பிறகு கேட்டேன்.

"முன்மொழிஞ்சவரு, வழிமொழிஞ்சவரு, ரெண்டு பேருல யாரு பிரசவ வார்டுல படுக்கப் போறீங்க?"

எல்லோரும் தேத்தண்ணியில் மும்முரமானார்கள். தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். அன்று மாலை என் கணவர் அத்தனை குவளைகளையும் தாமே கழுவி, ஒன்றை உடைத்து, உன் உடம்பு, நீ சொல்வதுதான் என்றார். மருத்துவமனைக்கும் அவரே கூட்டிப்போனார்.

வீடு திரும்பிய மறுநாள் அவருடைய அக்கா பூண்டுக் குழம்போடு வந்தார். பாவம், புண்ணியம் என்று ஆரம்பிக்கப்போகிறார் என நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். அவர் தம்பியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்தார்.

"அஞ்சாவது வந்தப்ப எனக்கும் முடியலதான். மாமியா, எங்க வீட்டுக்காரரு, எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க" என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன். அவருடைய கையைப் பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"அந்தப் பய மேல உசுரையே வெச்சிருக்கேன், அது வேற. ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."