டாக்டர் சொல்லாத பத்தியம்

என் வீட்டுக்காரர் சவரிமுத்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பை வேண்டாம் என்று சொல்கிற ஆளா அவர்? வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தவரின் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

இது நடந்தது எழுபதுகளின் நடுவில். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் உருட்டாலையில் (பழைய இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஆலை) அவருக்கு உலையடி வேலை. அதற்கு முன் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள்தான்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது காமாலையில் (பித்தநீர் ரத்தத்தில் கலந்து உடம்பு மஞ்சளாவது) படுத்திருக்கலாம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது நீங்களாக இருக்கலாம். நோயைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பார்த்துக்கொள்கிறவள் செய்யக்கூடிய தப்பு மட்டும் நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

தாலுகா ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"இதுக்கு எங்ககிட்ட தனியா ஊசி, மாத்திரைன்னு கிடையாதும்மா. கல்லீரல் தானாத் தேறணும், அதுக்கு ஓய்வு வேணும். எதிர் வராந்தாவுல சித்தா பிரிவு திறந்திருக்காங்க. அங்க மருந்து வாங்கிக்கங்க. ரத்தம் பாக்க மட்டும் எங்கிட்ட வாங்க" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் அரசாங்கம் ஆஸ்பத்திரிகளில் சித்த வைத்தியத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறைக்கு வெள்ளையடித்து, வாசலில் போர்டு மாட்டியிருந்தார்கள். கஷாயத்துக்கு நாமே பாட்டில் கொண்டுபோக வேண்டும். ஊசிக்கு நிற்கிற வரிசை வேப்ப மரம் வரை நீளும். இந்தப் பக்கம் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று ஜனங்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சித்தா டாக்டருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இதற்கென்றே இருக்கும் காலேஜில் படித்துவிட்டு வந்தவர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். டாக்டரம்மா எழுதிய சீட்டையும் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணிச் சூரணமும் (காயவைத்து இடித்துச் சலித்த பொடி) இருபது நாளைக்கு எழுதினார்.

"பத்தியம் என்ன சார்?" என்று கேட்டேன்.

"எண்ணெயும் காரமும் வேண்டாம். உப்பக் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க. மோர்ச் சோறு, இளநீர், பழம் எல்லாம் நல்லாச் சாப்பிடட்டும். உலை வேலைக்குத் திரும்புறதுக்கு முன்னால எங்கிட்ட ஒருக்கா காட்டணும்."

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

எனக்கு அது ஒரு பத்தியமாகவே படவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது என் அப்பாவுக்கு ஊர் வைத்தியர் ஒருவர் மருந்து கொடுத்தார். ஒரு கல் உப்பு வாயில் படக் கூடாது என்றார். மருந்து எத்தனை நாளோ அத்தனை நாள் மறுபத்தியமும் (மருந்து முடிந்த பிறகும் தொடர்கிற பத்தியம்) உண்டு. அப்பா பிழைத்து எழுந்தார். அதிலிருந்து, வாயைக் கட்டினால்தான் மருந்து வேலை செய்யும் என்பது என் மனதில் ஊறிப்போயிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நாற்பது நாளும் ஒருசந்தி (ஒரு வேளைச் சாப்பாடு) இருக்கிறவள் நான். வாயைக் கட்டுவது எனக்குப் பெரிய விஷயமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மருந்தை இனாமாகக் கொடுக்கிறார்கள். கொடுக்கிறவரோ பேண்ட் போட்ட சின்னப் பையன். இதில் கஷ்டம் என்று ஏதாவது இருந்தால்தானே பலிக்கும்? பாவம், பிள்ளை புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது போல என்று நினைத்து, விட்டதை நானே சேர்த்துக்கொண்டேன்.

வீட்டில் உப்பை அடியோடு நிறுத்தினேன். இருபது நாள் மருந்து, இருபது நாள் மறுபத்தியம் என்று காலண்டரில் பென்சிலால் கோடு போட்டேன். அவருக்கு மட்டும் சப்பென்று போட்டுவிட்டு நான் சுள்ளென்று சாப்பிட மனசு வரவில்லை. நானும் உப்பை விட்டேன். முதல் மூன்று நாள் சோறு பஞ்சை மெல்வது போல இருந்தது. பிறகு பழகிவிட்டது.

தினமும் விடிந்ததும் அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து இமையை விரித்துப் பார்ப்பேன். நகத்தைப் பார்ப்பேன். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்பேன். மஞ்சள் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி இறங்கியது. பதினெட்டாம் நாள் கண் வெளுத்துவிட்டது. டாக்டரம்மா ரத்தம் பார்த்து, "நல்லா இறங்கிடுச்சு, இன்னும் ஓய்வுல இருக்கட்டும்" என்றார். பாராட்டு பச்சிலைக்குப் போனது. நான் மட்டும் என் பத்தியத்துக்கு அதைப் பங்கு போட்டுக்கொண்டேன். தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் அவர் வேலைக்குப் போகிறேன் என்றார். "டாக்டராண்ட காட்டினு போலாமா?" என்று அவர்தான் கேட்டார். "கண்ணு வெளுத்துப்போச்சே, இன்னும் இன்னாத்த காட்டறது?" என்றவள் நான். உப்பில்லாத சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டுக் கொடுத்தேன். உலையடியில் நிற்கிறவர்களுக்கு ஆலையில் டிரம்மில் உப்பு மோர் வைப்பார்கள். அதைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது நாள் போனார். ஒன்பதாம் நாள் மத்தியானம், அவரோடு வேலை செய்யும் ராமுலு சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணி, அண்ணன் உலையாண்ட வுயுந்துட்டாரு. கையி காலெல்லாம் கொரக்களி இஸ்துக்கிச்சு. லாரில ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிகீறாங்கோ, வா."

நான் போனபோது அவர் கட்டிலில் கிடந்தார். கெண்டைக்கால் சதை கல்லாக உருண்டிருந்தது. என்னைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. எதையோ உளறினார். நர்சம்மா ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார்.

"அது இன்னாம்மா?"

"சலைன். உப்புத் தண்ணி. ரத்தத்துல ஏத்தணும்."

ஊசி குத்தப் போன நர்சம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உப்பு வேணாம்மா. மறுபத்தியத்துல கீறாரு. இன்னும் பத்து நாள் கீது. முறிஞ்சிட்டா உள்ள போன மருந்தே வெசமாயிடும்."

டாக்டரம்மா வந்தார். "உப்பு போகலேன்னா இவர் பிழைக்க மாட்டாரும்மா. கையை விடு" என்றார். அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை. முப்பது நாள் கட்டிக் காத்ததை என் கையாலேயே உடைத்து, அதனால் அவர் செத்துப்போனால் என்ன செய்வேன்? அதுதான் அப்போது என் பயம். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மா நினைத்திருந்தால் இரண்டு ஆளை விட்டு என்னை வெளியே இழுத்துப்போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. "எதிர்ல போய் சித்தா டாக்டரை ஓடிவரச் சொல்லு" என்று ஆயாவை அனுப்பினார்.

அவர் ஓடித்தான் வந்தார். விரலெல்லாம் சூரணம். நாடியைப் பிடித்தார், இமையைத் தூக்கினார், கெண்டைக்காலைத் தொட்டார். என்ன சாப்பாடு போட்டீர்கள் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உப்பக் குறைன்னு சொன்னேன். நிறுத்துன்னா சொன்னேன்? மறுபத்தியம் யாரு சொன்னா?"

"நானாத்தான் சார்."

அவர் முகம் வெளிறியது. உடனே டாக்டரம்மா பக்கம் திரும்பி, "ஏத்துங்க மேடம்" என்றார். பிறகு நர்சம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் கை மேல் தன் கையை வைத்தார்.

"அம்மா, மருந்து கொடுத்தவன் நான். நான் சொல்லுதேன், இந்த உப்பு அதை முறிக்காது. கைய எடுங்க."

எடுத்தேன்.

சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரை நாள் கணக்கில் ஓடிய எனக்கு அன்று சொட்டுக் கணக்கு. உலைச் சூட்டில் வியர்வையோடு உப்பெல்லாம் வெளியே போகிறது, உள்ளே ஒரு கல்கூட வரவில்லை, அதில்தான் சதை இழுத்து மூளையும் குழம்பிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"மேரி, தரைல இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற?"

அப்போதுதான் அழுதேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

சித்தா டாக்டர் தினமும் வந்து பார்த்தார். "உலை வேலைன்னு தெரிஞ்சும் நான் அழுத்திச் சொல்லல. எம் பேர்லயும் தப்பு இருக்கு" என்று டாக்டரம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை. அதன் பிறகு அவரிடம் மருந்து வாங்குகிற எல்லாரும் என்னென்ன சாப்பிடலாம் என்று அவருக்கே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஆங்கில வைத்தியமா, நம் வைத்தியமா என்று யாராவது என்னிடம் வாதத்துக்கு வந்தால், எழுந்து போய் வேறு வேலையைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரரின் கல்லீரலைத் தேற்றியது அந்த வராந்தாவின் ஒரு பக்கம், உயிரைப் பிடித்து நிறுத்தியது மறுபக்கம்.

மூன்றாம் நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போதுதான் ஒன்று தெரியவந்தது. விழுவதற்கு நாலு நாள் முன்பிருந்தே கால் இழுத்துக்கொண்டிருந்ததாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"காலைல கண்ணப் பாத்துட்டு அவ்ளோ சந்தோசப்படுவ. அத்த இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

"அந்த மோரையாச்சும் ஒரு வாயி குடிச்சிருக்கலாம் இல்ல?"

"டிரம்மாண்ட போயி நிப்பேன். ஊட்டுல நீயுந்தான உப்பில்லாம துன்னுகினு கீறன்னு திரும்பி வந்துருவேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் நம்பியது மருந்தையும் இல்லை, பத்தியத்தையும் இல்லை. எனக்காகச் செத்துப்போக இருந்தார்.

அவர் பிழைத்தார். உலையடியிலிருந்து மாற்றி, கம்பி எடை போடும் இடத்தில் வேலை கொடுத்தார்கள். காமாலை திரும்ப வரவில்லை. எனக்குத்தான் அவர் உடம்பு வேறாகத் தெரிய ஆரம்பித்தது. முப்பது நாள் அவர் கண்ணைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன். அவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வெளியே இருந்து நான் எவ்வளவு பார்த்தாலும், அந்த உடம்புக்குள் இருப்பவர் அவர் ஒருவர்தான். கோடு போட்டு நாள் எண்ணுகிற பழக்கமும் அதோடு போய்விட்டது. நாற்பதாம் நாள் என்று எங்கோ ஒன்று காத்திருப்பதாக இப்போது தோன்றுவதில்லை. இன்றைக்கு விடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது காலையில் எழுந்ததும் அவரைக் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று. "நல்லாத்தான் கீறேன்" என்பார். அடுப்பை மூட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு தரம் கேட்பேன். வேட்டியை ஒதுக்கிக் காலை நீட்டுவார். அப்புறம், "இந்த முட்டிதான் ரெண்டு நாளா வலிக்குது, மேரி" என்பார்.