வால்வு மூடியின் மேல் ஈரம்

பேய் பிசாசையெல்லாம் நான் நம்பியதில்லை. என் பயமெல்லாம் வேறு. வேலை போய்விடுமோ, சைக்கிள் பஞ்சராகுமோ, வால்வைச் சரியாக மூடினோமோ, இப்படி. ஆறாம் வகுப்போடு நின்றவன், கதை கட்டத் தெரியாது. நம்பினால் நம்புங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் குடிநீர்க் குழாய் வேலையில் தினக்கூலியாக இருந்தேன். திருச்சுழி ரோட்டோரம் மெயின் குழாய் அடிக்கடி உடையும். சரிசெய்ய இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வால்வை மூடிவிட்டு, அது இருக்கும் தரைத்தொட்டியின் இரும்பு மூடிமேல் காவல் உட்கார வேண்டும். மரை தேய்ந்த வால்வு, மோட்டார் ஓடினால் நெகிழ்ந்துவிடும். இன்னொருவர் கூப்பிடு தூரம் தாண்டி, உடைப்புக் குழிக்குள் இறங்குவார். காவல் இருப்பவர் வால்வை முறுக்கும் இரும்புச் சாவியால் குழாயை மூன்று முறை தட்டினால் இறங்கு, விடாமல் தட்டினால் ஏறு.

காவல் இருந்தவர் மாரிச்சாமி அண்ணன். மூடி சுடும் என்று துண்டை நனைத்து, மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். “ஏலே பயந்தாங்கொள்ளி, நான் ஒக்காந்திருக்கேன்ல, எறங்குலே” என்பார்.

அவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். பதிலுக்கு ஆள் போடவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன். “இந்தக் கூலிக்கு எவன்டா வருவான்? எல்லாப் பயலும் மில்லுக்குப் போறான். நீயே மூடு, நீயே எறங்கு” என்றார்.

ஒரு சித்திரை மத்தியானம் அப்படித்தான் நானே மூடினேன், சைக்கிளை மிதித்துப் போய் நானே இறங்கினேன். கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது என்ற தைரியம். கழுத்தளவு குழி. இணைப்பில் சணல் திணித்துக்கொண்டிருக்கும்போது குழாய் அதிர்ந்தது. டங், டங், டங் என்று விடாமல். சாவி என் சைக்கிளில் கிடக்கிறது, தட்ட யார் இருக்கிறார் என்று அப்போது தோன்றவில்லை. பழக்கம், கால் தானாக ஏறிவிட்டது. கரையில் உருண்டதுதான் தாமதம், தண்ணீர் பீறிட்டுக் குழியே சரிந்து மூடிக்கொண்டது. கரண்டு வந்து மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள்.

வால்வை முறுக்க ஓடினேன். கண்ணுக்கெட்டிய வரை கரிசல்காடு, ஒரு ஆடுகூட இல்லை. நான் போட்ட மூடி போட்டபடி இருந்தது. அதன்மேல் மடித்த துண்டளவுக்கு ஈரம். திறந்து பார்த்தால் உள்ளே தொட்டி காய்ந்து கிடந்தது. நான் முறுக்கி முடிப்பதற்குள் ஈரமும் காய்ந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டால்?

வெகுநாள் கழித்து ஒரு புது ஆள் வந்தார். முதல் நாள் மூடிமேல் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“என்னண்ணே, இந்த வெயில்ல இது மட்டும் இப்படிச் சில்லுன்னு இருக்கு?”