சரஸ்வதி பூஜையில் ஒரு சிடி

எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் ஒரே நாளில் வெறும் பெட்டிகளாகிப் போனதற்குக் காரணம் ஒரு வதந்தி. மதுரையில் ஏதோ ஒரு பள்ளிக்குள் போலீஸ் புகுந்து, காசு கொடுக்காமல் நகலெடுத்துப் போட்ட விண்டோஸ் இருக்கிறதா என்று பார்த்தார்களாம். எந்தப் பள்ளி, என்றைக்கு என்று சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. ஆனாலும் இராஜபாளையத்தில் எங்கள் கரஸ்பாண்டென்டுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் பள்ளியில் இருந்ததும் அந்த ரகம்தான். பெட்டிகளை விற்றவர் கொசுறாகப் போட்டுக் கொடுத்தது.

அங்கே கம்ப்யூட்டர் டீச்சர் என் சித்தி, அம்மாவின் தங்கை. அப்பா பட்டாளத்தில் இருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அம்மா, சித்தி, நான் மூன்று பேர்தான். ஆறாம் வகுப்பில் இருந்த நானும் சித்தியும் தினமும் ஒரே பஸ்ஸில் இராஜபாளையம் போய் வருவோம். பள்ளி வாசலைத் தாண்டியதும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறிச் சித்தி என்றால் பார்வையாலேயே சுட்டுவிடுவாள். அவளுடையது தற்காலிக வேலை. கரஸ்பாண்டென்ட் மனம் வைக்கிற வரைக்கும்தான் ஓடும்.

"எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சிருங்க டீச்சர்" என்றார் அவர். சித்தி அழித்தாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு விஜயதசமி ஞாபகம் வந்தது. அன்று காலையில் புதுக் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வைக்கக் கல்வி அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார். திறந்து வைக்க அறை இருந்தது, உள்ளே ஓடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடலாம் என்று சித்தி லினக்ஸ் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னாள். பெங்களூரில் வேலை பார்த்த அவளுடைய தோழி ஒரு சிடி அனுப்பியிருந்தாள். விலை கிடையாது, நகலெடுத்தால் குற்றம் கிடையாது, எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கரஸ்பாண்டென்டுக்கு இதில் முக்கால்வாசி இனித்தது. கடைசிச் சங்கதி மட்டும் பிடிக்கவில்லை. ஜில்லாவிலேயே எங்கள் பள்ளியில்தான் இது இருக்கிறது என்று நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தார்.

"இதைச் செஞ்சவங்களே எல்லாருக்கும் குடுக்கச் சொல்லியிருக்காங்க சார்" என்று சித்தி சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அவங்க சொல்லுவாங்க. சம்பளம் குடுக்கிறது நான்லா? வேற ஸ்கூல்ல இது இருக்குன்னு என் காதுல விழுந்துச்சுன்னா உங்களுக்கு இங்க வேலை இல்ல. விஜயதசமியன்னைக்கு அதிகாரி முன்னால ஓடலன்னாலும் இல்ல."

காலாண்டுப் பரீட்சையும் கரண்ட் கட்டும் போக மிச்ச நேரத்தில் சித்தி பாதிப் பெட்டிகளை முடித்திருந்தாள். அதிகாரி உட்கார்ந்து பார்க்கப்போகிற முன்வரிசை இன்னும் காலியாகக் கிடந்தது. சரஸ்வதி பூஜையன்று விடுமுறை. பகலில் போய் மிச்சத்தை முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளியில் பூஜை. சந்தனம் வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை வரை எந்தப் பெட்டியையும் தொடக் கூடாது. எல்லாம் ஆறு மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

சித்தி குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் அம்மா பூஜையை முடித்திருந்தாள். என் புத்தகங்கள், அம்மாவின் தையல் மிஷின் கத்தரி, அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் மேலே சித்தியின் சிடி. பளபளக்கிற பக்கம்தானே முகம் என்று அம்மா அதைத் திருப்பி வைத்து, நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் தாராளமாக அப்பியிருந்தாள்.

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, அதை எடுத்துக் குடு. நான் இராஜபாளையம் போணும்."

"சாமிகிட்ட வச்சதை எப்படிட்டி எடுக்கிறது? நாளைக்குக் காலையில மறுபூஜை முடியட்டும்."

"நாளைக்கு எடுத்து என்ன செய்ய? இன்னைக்கு முடிக்கலன்னா என் வேலையே போயிரும்."

"உன் வேலை நிலைக்கணும்னுதாம்ட்டி வச்சேன்!" அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

சித்தி கையை நீட்டினாள். சிடிக்கு மிக அருகில் போன கை அப்படியே நின்றது. கரஸ்பாண்டென்டையே எதிர்த்துப் பேசுகிறவளுக்குச் சரஸ்வதியிடமிருந்து பிடுங்கத் தைரியம் வரவில்லை. எடுத்திருந்தாலும் அத்தனை சந்தனத்தை வழித்த பிறகு அது ஓடுமா என்பது வேறு சந்தேகம். சட்டென்று திரும்பி, "ஏட்டி, செருப்பைப் போடு" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாங்கள் போனது இரண்டு தெரு தள்ளி இருந்த பாய் சார் வீட்டுக்கு. அவர் உள்ளூரில் இன்னொரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் சார். கதவைத் திறந்தவரிடம் சித்தி மூச்சு வாங்கச் சொன்னாள்: "ஊர்ல எல்லாச் சாமானும் பூஜையில இருக்கு சார். உங்க சிடி ஒண்ணுதான் சும்மா இருக்கும்."

பாய் சார் சிரித்தார். அப்புறம் சித்தியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தம்பி கடையில இருக்கு டீச்சர். நீங்க பஸ்ல போங்க. நான் எடுத்துக்கிட்டு வண்டியில பின்னாலயே வாரேன்."

தெருமுனை திரும்பியதும் நான் கேட்டேன், அந்த சிடி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று.

"நான் குடுத்தேன். மதுரைக்குப் போயி நகல் எடுத்துக்கிட்டாரு. அவிய ஸ்கூல்லயும் இதே பயம்தான். வேலை போயிரும்னு வந்து நின்னாரு, எப்படி இல்லைங்கிறது?" என் கையை வலிக்கிற மாதிரி பிடித்தாள். "வெளியில மூச்சு விட்டேன்னு வையி..."

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஆனால் நகரவில்லை. ஆயுத பூஜைக்கு நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தார்கள். சித்தி இரண்டு முறை இறங்கி ஏறினாள்.

"எம்புட்டு நேரம்ண்ணே ஆகும்?"

"செத்த பொறுங்கம்மா. பூசணிக்காய் உடைச்சதும் கிளம்பிருவோம்" என்ற கண்டக்டர் எங்கள் மடியில் பொரியைக் கொட்டினார். நான் தின்றேன். சித்தி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராஜபாளையத்தில் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், பள்ளி வாசலில் பாய் சாரின் வண்டி நின்றது. அதற்குப் பக்கத்திலேயே கரஸ்பாண்டென்டின் காரும் நின்றது. பூ அலங்காரம் பார்க்கச் சீக்கிரமே வந்துவிட்டாராம். பாய் சார் கையில் சிடியோடு மாட்டிக்கொண்டவர் போல நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் தெலுங்கு பேசுகிற கரஸ்பாண்டென்ட் கோபம் வந்தால் பள்ளியிலும் தெலுங்குக்கு மாறிவிடுவார். அது சீக்கிரம் ஆறுகிற கோபம் என்று எங்களுக்குத் தெரியும். அன்று நிதானமாகத் தமிழில் கேட்டார். நான் சித்தியின் பின்னால் ஒதுங்கினேன்.

"இவரு யாரு டீச்சர்? வேற ஸ்கூல் சாருன்னு வாட்ச்மேன் சொல்லுதான். கையில இருக்கிறது என்ன?"

சித்தி வாயைத் திறக்கும் முன் பாய் சார் முந்திக்கொண்டார். "மதுரையில ஒரு கடையில கிடைச்சுது சார். டீச்சருக்கு அவசரம்னாங்க, வாங்கியாந்தேன்."

நல்ல பொய். சித்தி தலையை ஆட்டினால் போதும். ஆட்டு, ஆட்டு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அப்படியா டீச்சர்?"

சித்தி பாய் சாரைப் பார்த்தாள். "இல்ல சார். நான் குடுத்ததுதான். என் சிடியில இருந்து அவரு நகல் எடுத்தது."

கரஸ்பாண்டென்ட், "முதல்ல வேலையை முடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூக்காரனைப் பார்க்கப் போய்விட்டார்.

பாய் சாரும் கூடவே உட்கார்ந்தார். ஒரே சிடி, ஒவ்வொரு பெட்டியாகத்தான் போட முடியும். நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது, பாதியில் நின்ற பெட்டியை முதலிலிருந்து தொடங்கினார்கள். கடைசிப் பெட்டியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே மணிச்சத்தம் கேட்டது. பூஜைக்கு வந்த ஐயர் கதவைத் தட்டியபோது எல்லாம் ஏறி முடிந்து திரை நீலமாக விரிந்தது. நான் கத்திவிட்டேன். பாய் சார் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

பூஜை முடிந்து நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, கரஸ்பாண்டென்ட் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். சித்தி தலையை ஆட்டிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: "பாய் சார்தான் பொய் சொன்னாருல்லா, நீ ஏன் சித்தி சும்மா இருக்கல?"

"திருட்டுச் சாமானா அது, ஒளிச்சு வைக்க?" என்றாள்.

விஜயதசமியன்று எல்லாம் ஜோராக நடந்தது. முன்வரிசையில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்து நான் மௌஸைப் பிடித்து ஒரு வீடு வரைந்தேன். அதிகாரி அசந்துபோய், "இது மத்தப் பள்ளிகளுக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார். கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடித்தார். எந்தப் பள்ளி வந்து கேட்டாலும் எங்கள் பள்ளி இதை இலவசமாகக் கொடுக்கும் என்று அறிவித்தார். அறை அதிரக் கைதட்டினார்கள். கதவோரம் நின்ற சித்தியும் தட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் ஓடிப்போய் அவள் காதில் சொன்னேன்: "சார் மனசு மாறிட்டாரு பாத்தியா டீச்சர்!"

"இங்கயும் சித்தின்னே கூப்பிடுட்டி" என்றாள்.

அந்த விழா நாள்தான் அவளுக்கு அங்கே கடைசி நாள் என்று முந்தின சாயங்காலமே கரஸ்பாண்டென்ட் சொல்லிவிட்டிருந்தார். அதை அம்மா எனக்குச் சொன்னது நான் காலேஜுக்குப் போன பிறகு. பூஜையில் வைத்ததால்தான் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று, அப்போது ஒன்றும் தெரியாத அம்மாவும் விழா முடிந்த இரண்டு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். சித்தி வீட்டுச் சேலையோடு கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு போயிரும் சித்தி, சீக்கிரம் சேலையை மாத்து!" என்று கத்தினேன்.